ஐந்து சுங்கான், ஒரு நாக்கு

அன்புள்ள ஐயா,

தேயிலைத் தொழிற்சாலை பற்றிய உங்கள் பழைய கட்டுரை ஒன்றில், இரவு ஷிப்ட் முடிந்து புகையிலை பைப் பிடித்தபடி பனியில் நடந்து வருவதாக ஒரு வரி வரும். அந்த வரிதான் என்னைக் கெடுத்தது. நான்கு மாதத்தில் ஐந்து பைப், ஏழு வகைப் புகையிலை வாங்கிவிட்டேன் (பட்டியல் தனித்தாளில்). ஒன்றிலும் நீங்கள் எழுதிய சுகம் கிடைக்கவில்லை. நாக்கு எரிகிறது. பத்து தடவை அணைகிறது. அடியில் தண்ணீர் கொரகொரக்கிறது. அத்திப்பழம், தோல், விறகுப் புகை என்று டப்பாவில் எழுதியிருக்கிறான். எனக்கு எல்லாமே ஒரே ருசிதான். கொஞ்சம் விலை கூடிய பைப்பாக இன்னொன்று வாங்கிப் பார்க்கலாமா? என் மாமா ஒருவர், "வெள்ளைக்காரன் பழக்கம் நமக்கெதுக்கு?" என்று கேலி செய்கிறார். கடிதத்தை வெளியிட்டால் பெயர் வேண்டாம். வீட்டுக்குத் தெரியாது. இரவு ஒன்பதுக்கு மேல் மொட்டைமாடியில்தான் பிடிக்கிறேன்.

ஒரு வாசகன், போடிநாயக்கனூர்

அன்புள்ள தம்பி,

ஆறாவது பைப் வேண்டாம். இருக்கிற ஐந்தில் ஒன்றை வெளியே வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் துணியில் சுற்றி அலமாரியில் போடுங்கள்.

உங்கள் நாக்கு எரிவதற்குப் பாதிக் காரணம் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. போடியில், மொட்டைமாடியில், அதுவும் ஆடி மாதத்தில்! மலை இறங்கி வரும் காற்று தகரக் கூரையையே தூக்குகிற ஊர் அது. நீங்கள் இழுக்கவே வேண்டாம், துருத்தி வைத்த உலை மாதிரி காற்றே ஊதிக் கொடுக்கும். படிக்கட்டுக்கு அடியிலோ சுவர் மறைவிலோ உட்காருங்கள். பைப்பில் புகையிலை அடைக்கும் கிண்ணத்தைக் கைக்குள் பொத்திப் பாருங்கள். கை தாங்காத சூடு என்றால் கீழே வைத்துவிடவேண்டும். அணைந்தால் அணையட்டும். முப்பது வருடமாகப் பிடிக்கிற எனக்கும் மூன்று தடவை அணைகிறது. அணையக்கூடாது என்று விடாமல் இழுப்பதால்தான் நாக்கு வேகிறது.

மீதிப் பாதி ஈரம். இது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். பறித்து வரும் தேயிலைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை வாட்டுத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு, ராத்திரி முழுக்க வாட்டுவோம். வாடியது போதுமா என்று பார்க்க என் மேஸ்திரி எந்தக் கருவியையும் நம்பமாட்டார். ஒரு கை இலையை உருண்டையாகப் பிடித்துவிட்டு விரலைத் திறப்பார். உருண்டை மெதுவாக மலர்ந்தால் சரி. படக்கென்று விரிந்தால் இன்னும் வாட வேண்டும். புகையிலைக்கும் ஏறக்குறைய இதே கைப்பக்குவம்தான், கணக்கு மட்டும் வேறு. ஒரு சிட்டிகை எடுத்து அமுக்கி விடுங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம். உதிரியாகப் பிரிந்தும் நொறுங்காமல் இருந்தால் பதம். ஈரப் புகையிலையைக் கொளுத்தினால் வாய்க்கு வருவது பாதி நீராவி. அந்த ஆவிதான் நாக்கைச் சுடுகிறது, தண்டில் குளிர்ந்து கொரகொரக்கிறது.

உங்கள் ஏழில் ஐந்து வனிலா, செர்ரி வகையறா என்று பட்டியலில் பார்த்தேன். அவற்றில் காயாமல் இருக்க புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பது வழக்கம். தாளில் ஒரு நாள் பரப்பி வைத்தாலும் பிசுபிசுப்பு முழுக்கப் போகாது. அவற்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மறையூர் வெல்ல ஆலை மாதிரி மணக்கும், பிடிப்பவருக்கு வெந்நீர்தான். (வனிலாப் பிரியர்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம். எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.)

என் முதல் பைப்பின் கதையைச் சொன்னால் உங்கள் ஐந்து ஒன்றும் பெரிய பிழை இல்லை என்று தெரியும். அப்பா மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை. மாற்றலாகிப் போன ஒரு துரை தன் பைப் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா பீடி ஆள், அதை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். எனக்கு இருபது வயதில் அது கண்ணில் பட்டது. தண்டு எபோனைட் என்ற கெட்டி ரப்பர், கறுப்பு போய்ப் பச்சை பாரித்துக் கிடந்தது. பைப் புகையிலைக்கு நான் எங்கே போவது? கடையில் திண்டுக்கல் சுருட்டு ஒன்று வாங்கிப் பிரித்து, கசக்கி, கிண்ணம் நிறைய அடைத்தேன். எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, பீடியை இழுப்பது போல நெஞ்சுவரை இழுத்தேன். ஐந்தாவது இழுப்பில் எதிர்மலை சாய்ந்தது. குளிர் வியர்வை, வாந்தி. பக்கத்து வீட்டுப் பாட்டி வாயில் வெல்லக்கட்டியைத் திணித்து, "உங்கப்பன் வரட்டும்" என்றாள். பைப் புகை வாய்க்குத்தான், நெஞ்சுக்கு இல்லை என்பதை எனக்கு அந்த மரத்தடி சொல்லிக்கொடுத்தது.

அடைக்கும் முறைக்கு ஒரு வாசகம் உண்டு: முதல் சிட்டிகை குழந்தை கையால், இரண்டாவது பெண் கையால், மூன்றாவது ஆண் கையால். எங்கள் கொழுந்தெடுக்கும் பெண்களின் கையைப் பார்க்காத எவனோ சொன்னது. அர்த்தம் சரிதான், அடியில் தளர்வு, மேலே இறுக்கம். தீக்குச்சியில் மருந்து எரிந்து முடியட்டும், அப்புறம் வட்டமாகச் சுற்றிக் கொளுத்துங்கள். இலை புஸ்ஸென்று எழும்பும், லேசாக அமுக்கி மறுபடி கொளுத்துங்கள். அமுக்க நான் வைத்திருப்பது ஒரு பெரிய ஆணி. தண்டைச் சுத்தம் செய்யக் கடையில் விற்கும் கம்பி இல்லாவிட்டால் கோழி இறகு போதும். ஒரு முறை பிடித்த பைப்புக்கு ஒரு நாள் ஓய்வு. உள்ளே படியும் கரி கிண்ணத்தைக் காக்கும், ஆனால் காசு கனத்துக்கு மேல் வளரவிடக்கூடாது. துரையின் பைப்பை நான் சுரண்டாமலே விட்டு, கரி சூட்டில் விரிந்து, கிண்ணம் கீறிவிட்டது. இன்றும் ஆறவில்லை.

உங்களிடம் உள்ளவற்றில் எதை வைத்துக்கொள்வது? மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டில் செய்தது. ஆமாம், விலை குறைந்ததுதான். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் 1869 முதல் செய்கிறார்கள், கதிரின் நடுத்தண்டு தடித்த சோளத்தை இதற்கென்றே வளர்த்து, நெடுநாள் காயவைத்து. அது ஈரத்தை உறிஞ்சும், புதிதாகப் பழகுகிறவனை மன்னிக்கும். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முண்டு. நெருப்பைத் தாங்கும், தலைமுறை தாண்டி வரும். ஆனால் முதல் சில வாரம் நிதானமாகப் பழக்கவேண்டும், உங்கள் கை இன்னும் அதற்கு வரவில்லை. துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கும் வெள்ளைக்கல் பைப் அழகு. பிடிக்கப் பிடிக்கத் தேன் நிறமாகும். கை தவறினால் போச்சு.

இனி ருசி. எல்லாம் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம், ஒன்றையும் நீங்கள் பழகவில்லை. தேயிலை ருசி பார்ப்பவர் ஒரு மேசையில் ஐம்பது கோப்பையைப் பிரித்துச் சொல்வார். அதற்கு முன் அவர் தன் தோட்டத்து டீயை ஆயிரம் முறை குடித்திருப்பார். உங்கள் பட்டியலில் மிச்சம் இருப்பது ஒரு வெறும் வர்ஜீனியா, ஒரு லட்டாகியா கலவை. முதலில் வர்ஜீனியா மட்டும், இரண்டு மாதம். அடைத்த கொட்டகையில் வெப்பக் குழாய் ஓடவிட்டுப் பதப்படுத்துவதால் அதில் சர்க்கரை நிற்கிறது. அவசரமாக இழுத்தால் கடிக்கும், மெல்ல இழுத்தால் வைக்கோல் மணமும் அடியில் ஒரு இனிப்பும் வரும். அதே செடிதான் ஆந்திராவில் ஓங்கோல், நெல்லூர் பக்கமும் விளைகிறது, பெரும்பாலும் சிகரெட்டுக்குப் போய்விடுகிறது. பர்லி என்று இன்னொரு வகை, நிழலில் காற்றில் உலர்த்துவது. அதில் சர்க்கரை மிகக் குறைவு, ஊற்றும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் வாசனை ஏற்றுபவர்களுக்கு அது பிடிக்கும்.

லட்டாகியா இலையை விறகுப் புகையில் வாட்டுகிறார்கள், சிரியாவில் பிறந்து சைப்ரஸுக்கும் போன முறை. அடுப்படிப் பரணில் தொங்கவிட்ட பொருள் மாதிரி மணக்கும். அதற்குத் தனி பைப் வையுங்கள். தேயிலைப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின் வைத்தவனை எங்கள் தொழிற்சாலையில் வேலையை விட்டே அனுப்புவார்கள். பிரையரும் அப்படித்தான், ஒரு முறை லட்டாகியா ஏறினால் அடுத்த இருபது தடவைக்கு வர்ஜீனியாவிலும் புகைதான் பேசும். என்னிடம் ஒன்றுக்கு அந்த வாசனையை எடுக்க, கிண்ணத்தில் பஞ்சை அடைத்து ரம் ஊற்றி ஓர் இரவு வைத்தேன். புகை பாதி போயிற்று, ரம் முழுசாகப் போயிற்று.

மாமாவிடம் சொல்லுங்கள்: சுங்கான் என்று இதற்குத் தமிழில் பெயரே இருக்கிறது. புகையிலைச் செடியே அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி வந்ததுதான். பழைய திருவிதாங்கூரில் யாழ்ப்பாணப் புகையிலைக்கு அத்தனை கிராக்கி, மலையாளத்தில் ஜாப்பாணம் என்றாலே புகையிலைதான். அவர் வெற்றிலையோடு போடுவதும் அப்படி வந்த சரக்குதான். 1999-இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைக்கத் தடை விதித்த சமயம், மூணாறு பஸ் ஸ்டாண்டில் அணைந்த பைப்பை வாயில் வைத்தபடி நின்றேன். போலீஸ்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதெந்தா சேட்டா, ஓடக்குழலோ?" (இது என்ன அண்ணே, புல்லாங்குழலா?) என்றார்.

சிரித்துக்கொண்டே மறைத்துவிடக்கூடாத ஒன்று. நெஞ்சுக்குள் இழுக்காததால் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய்க்கு பைப்பும் வழிதான், நுரையீரலும் தப்புவதில்லை. ஆறு வருடம் முன்பு என் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம் வந்தது. பல் டாக்டர் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை பத்து நாள் நான் தூங்கவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தது. விட்டுவிடச் சொன்னார். நான் வாரத்துக்கு இரண்டு தடவை என்று குறைத்தேன், அது விடுவது ஆகாது என்பதும் தெரியும். நாலு மாதப் பழக்கம்தான் உங்களுக்கு. இப்போது விட்டால் வலிக்காது. அந்த ஐந்தையும் யாராவது ரசிகருக்கு விற்றுவிடலாம், நானே ஒன்றை வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம், வீட்டுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். லட்டாகியா பிடித்த சட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தவன் நானும்தான். தெரியும், தம்பி. இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.