பாதி விலை என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்: கேம் பிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகன் இன்ஜினியரிங் முதல் வருஷம். படிப்புக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப் வேண்டும் என்கிறான். ஆன்லைனில் இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டுதான். ஒன்று ஆறாயிரம் ரூபாய் குறைவு. குறைந்த விலைக்குக் கிடைப்பதையே வாங்கிவிடலாமா சார்?
– வாசகி, மதுரை

பதில்: கார்டின் பெயர் ஒன்றுதான் அம்மா, ஆனால் அது வேலை செய்யும் வேகம் இரண்டு லேப்டாப்பிலும் ஒன்றாக இருக்காது. 4050-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனியே முடிவு செய்கிறது. மெல்லிய உடம்புள்ள மாடலில் சூட்டுக்குப் பயந்து குறைத்துக் கொடுப்பார்கள். ஸ்டிக்கரில் 4050 என்றுதான் ஒட்டியிருக்கும். இந்த அளவுக்கு டிஜிபி என்று பெயர். விற்பனைத் தளங்களில் இதை அநேகமாகப் போடுவதில்லை. லேப்டாப்பின் முழு மாடல் எண்ணைக் கொடுத்துக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் தேடினால் கிடைக்கும். 75 வாட்டுக்குக் கீழே என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். 100-ஐத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஏறுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ரேம். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். விலையைக் குறைத்துக் காட்ட ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்கைப் போட்டு அனுப்புவார்கள். ஒற்றை ஸ்டிக்கில் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள பாதை பாதியாகிவிடும். கேம் ஓடும், ஆனால் சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் பார்த்து விக்கி விக்கி ஓடும். முன்பெல்லாம் 'பரவாயில்லை, பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்' என்று நானே சொல்வேன். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்த யோசனை இப்போது லாபமில்லை. 8+8 என்று இரண்டு ஸ்டிக்காக 16 ஜிபி உள்ள மாடலையே பாருங்கள். அந்த ஆறாயிரம் இங்கேயே ஈடாகிவிடும்.

திரையையும் கவனியுங்கள். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்று சொல்லும் இடத்தில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால் நிறமெல்லாம் வெளுத்துப்போய்த் தெரியும். நான்கு வருஷம் தினமும் பார்க்கப்போகிற திரை. '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று போட்டிருப்பதைத் தேடுங்கள்.

பையனிடமும் ஒன்று பேசிவிடுங்கள். கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், சார்ஜர் தனிக் கனம். வகுப்பு முழுக்க பேட்டரி தாங்காது. தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறவன் என்றால் இதை அவன் தெரிந்துகொண்டுதான் கேட்கிறானா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டருக்கு ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் 5,500 ரூபாய்க்கு வருகிறது. 'மைனிங்கில் ஓடாதது' என்று சத்தியம் செய்கிறார். நம்பலாமா அண்ணா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர் சத்தியத்தை விட்டுவிடுங்கள் தம்பி, கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் கிராபிக்ஸ் கார்டு வைத்து அதைத் தோண்டுவது (இதுதான் மைனிங்) நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. 580 அதில் முக்கியமான ரகம். யார் யார் கையில் மாறி இப்போது உங்களிடம் வருகிறதோ, விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கார்டைத் திருப்பி, பின்பக்கம் உள்ள நான்கு ஸ்க்ரூவைப் பாருங்கள். தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். டார்ச் அடித்து மெமரி சிப் ஓரங்களைப் பாருங்கள். எண்ணெய் கசிந்த மாதிரிப் பளபளப்பு தெரிந்தால், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் நெடுநாள் சூட்டில் எண்ணெய் விட்டிருக்கிறது. விசிறியை விரலால் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பவர் வயர் செருகும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு கம்ப்யூட்டரில் போட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். 'ஷேடர்ஸ்' என்ற கட்டத்தில் 2304 என்று இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால், அது சீனச் சந்தைக்காக வந்த வேறு ரகம். பெயர் 580, வேலை 570 அளவுக்குத்தான். போலி என்று சொல்ல முடியாது, ஆனால் 580 விலை கொடுக்கக் கூடாது. நிஜப் போலிகளும் உண்டு. பத்து வருஷத்துக்கும் மேல் பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று விற்கிறார்கள். ஜிபியு-இசட் அதைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுக் காட்டும். 1050 டிஐ என்கிறார்கள், பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் இருக்கிறது என்றால் சோதனைகூட வேண்டாம். அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏ வசதியே கிடையாது.

எல்லாம் சரி என்றால், கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பாருங்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் ரிச்சி தெருவில் பில்லோடு கொஞ்ச நாள் டெஸ்டிங் வாரண்டி கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஐந்நூறு அறுநூறு கூடினாலும் அது நல்ல பேரம்.

ஆனால் என் அபிப்பிராயம் கேட்டால், 580-ஐ இப்போது வாங்க வேண்டாம். 580-இன் கம்பெனியான ஏஎம்டி அந்தத் தலைமுறைக்கு முழு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆதரவு கொடுப்பதை 2023-லேயே குறைத்துவிட்டது. ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடும் ரே ட்ரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடவே ஓடாத கேம்கள் வர ஆரம்பித்துவிட்டன. 2025-இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' அப்படித்தான். இன்னும் கொஞ்சம் சேர்த்து செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி ரகத்தைத் தேடுங்கள். 8 ஜிபி ரகமும் உண்டு, அது வேகம் குறைவு, வேண்டாம். வெறும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் வாலரன்டும் மட்டும்தான் ஆடுவேன் என்றால் 580 போதும்.

கேள்வி: துபாயிலிருந்து வரும் மாமா பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கி வருகிறேன் என்கிறார். இங்கே உள்ளதை விட விலை குறைவு. இங்கே வேலை செய்யுமா? கரண்ட் பிரச்சினை வருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கரண்ட் பிரச்சினை இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். டிஸ்க்கும் எந்த நாட்டுடையது என்றாலும் ஓடும். வாரண்டிதான் கிடைக்காது. கோளாறு என்றால் மறுபடி மாமாவோடு துபாய்க்குத்தான் அனுப்ப வேண்டும். சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். இங்கே வங்கிச் சலுகையும் பண்டிகைத் தள்ளுபடியும் வரும் சமயத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

கேம் டிஸ்க்கை அங்கிருந்து வாங்கி வரச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க் ஒரு நாட்டுடையது, அக்கவுண்ட் இன்னொரு நாட்டுடையது என்றால், பிறகு நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் கதைப் பகுதிகள் அந்த டிஸ்க்கோடு சேராமல் போகலாம். அக்கவுண்டின் நாட்டைப் பின்னால் மாற்ற முடியாது.

டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே எடுக்கச் சொல்லுங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஐயாயிரம் ரூபாய் கேமை முடித்துவிட்டு மூவாயிரத்துக்கு விற்கலாம், நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டல் மாடலில், டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டாதவரை, அந்தக் கதவு இல்லை.

கேள்வி: கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 3,000 ரூபாய் உள்ள கேமின் 'கீ' (கேமைத் திறக்கும் குறியீடு) வேறொரு தளத்தில் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அந்தத் தளங்களில் விற்பவர் யாரென்றே தெரியாது. திருட்டுக் கிரெடிட் கார்டில் வாங்கிய கீ என்று தெரிந்தால் கம்பெனி அதை ரத்து செய்யும். கேம் உங்கள் லைப்ரரியிலிருந்து காணாமல் போகும், 900 ரூபாய் திரும்ப வராது. ஸ்டீமிலேயே வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். என் கண்ணுக்கு அந்த உரிமையே பாதி விலைக்குச் சமம்.

பொறுத்திருங்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி வரும். ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேம் இதுவரை எவ்வளவு குறைந்தது என்று ரூபாயிலேயே பார்க்கலாம். எபிக் ஸ்டோர் என்ற இன்னொரு கேம் தளத்தில் வியாழக்கிழமை தோறும் இலவசமாகவும் கேம் தருகிறார்கள். ஆடாவிட்டாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாலரன்ட் ஆடும்போது பிங் 90, 120 என்று குதிக்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினால் சரியாகுமா? கேமிங் ரவுட்டர் வாங்கவா?
– வாசகர், சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம். பிங் என்பது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், எம்பிபிஎஸ் ஒரே நேரத்தில் எவ்வளவு தகவல் வரும் என்பது. நீங்கள் ஆடும் சர்வர் மும்பையில் இருக்கிறது. சேலத்திலிருந்து அந்தத் தூரம் 300 எம்பிபிஎஸ்ஸிலும் குறையாது. குதிக்கிறது என்று சொல்வதால், கோளாறு அநேகமாக உங்கள் வீட்டு வைஃபையில்தான். முதலில் ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் வயர் இழுத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். வயர் இழுக்க வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். நீங்கள் ஆடும் நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாலும் பிங் எகிறும். வயர் போட்டும் 90-க்குக் குறையவில்லை என்றால், உங்கள் இன்டர்நெட் கம்பெனி தகவலை எந்த ஊர் சுற்றி அனுப்புகிறது என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள். திருத்தாவிட்டால் கம்பெனியை மாற்றுங்கள்.

கேள்வி: என் 12 வயது மகன் என் போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடி, 'டைமண்ட்' வாங்க 9,000 ரூபாய் செலவழித்துவிட்டான். பண விளையாட்டெல்லாம் தடை என்றார்களே? பணம் திரும்புமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: பதறாதீர்கள், ஆனால் தாமதிக்காதீர்கள். பிளே ஸ்டோர் வழியாகப் போன பணம் என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம். பிளே ஸ்டோரின் இணையதளத்தில் (play.google.com) உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்திய வரலாற்றில் ஒவ்வொரு வாங்கலாகப் பார்த்து விண்ணப்பியுங்கள். சிறுவன் என் அனுமதி இல்லாமல் வாங்கினான் என்று தெளிவாக எழுதுங்கள். அந்த நேரம் கடந்திருந்தால் கேம் கம்பெனிக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களுக்கானது. டைமண்டுக்குக் காசு கொடுத்தால் உடுப்பு, துப்பாக்கி அலங்காரம் போன்ற கேமுக்குள் உள்ள பொருள்கள்தான் கிடைக்கும், பணமாகத் திரும்பாது. அதனால் அந்தத் தடை இதற்குப் பொருந்தாது.

இன்றைக்கே பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். யூபிஐ பின் அவனுக்குத் தெரியும் என்றால் அதையும் மாற்றுங்கள். பையனை அடிக்காதீர்கள். ஒரு தொடுதலில் காசு போகிற மாதிரி, எண்ணிக் கணக்குப் பார்க்க முடியாத மாதிரி, ரூபாயை டைமண்டாக்கிக் காட்டுகிறார்கள். பெரியவர்களே ஏமாறும் இடத்தில் 12 வயதுப் பிள்ளை என்ன செய்வான்? ஒன்பதாயிரம் என்றால் வீட்டில் எத்தனை நாள் செலவு என்று அவனோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய ஆன்லைன் கேமை கம்பெனி மூடிவிட்டால் நமக்கு என்ன உரிமை?
– வாசகர், பாண்டிச்சேரி

பதில்: இப்போதைக்கு மிகக் குறைவு, இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் அணைத்தது. தனியாக ஆடுகிறவர்களுக்கும் சர்வர் தேவைப்பட்ட கேம் அது. டிஸ்க் வைத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது பிளாஸ்டிக் தட்டு மட்டும். அதே வருஷம் சோனி 'கான்கார்ட்' கேமை ஆகஸ்ட் 23-இல் வெளியிட்டு செப்டம்பர் 6-இல் மூடியது. அங்கே வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த முறை எல்லோருக்கும் வர வேண்டும்.

தி க்ரூ விவகாரத்தில்தான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. ஐரோப்பாவில் அதற்கு 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, விற்பது கேமை அல்ல, உரிமத்தை மட்டுமே என்று கடைகள் வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு வரி கட்டாயமாக வேண்டும்.

அதுவரை, வாங்கும் முன் கேம் பக்கத்தில் 'எப்போதும் இணைய இணைப்பு தேவை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழு விலை கொடுக்காதீர்கள், தள்ளுபடி வரும்போது எடுங்கள். ஒரே கேம் ஜிஓஜி தளத்திலும் இருந்தால் அங்கே வாங்குங்கள். இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கி உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், அந்தத் தளமே நாளை இல்லாவிட்டாலும் கேம் ஓடும்.