பழைய ஏர் பிஸ்டலைத் திறக்குமுன்: கேள்வி பதில்

மதுரையில் நாற்பது வருஷம் பிட்டர் வேலை பார்த்தவன் நான். பழைய ஏர் பிஸ்டல்களை, அதாவது ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் ஓடிக் காற்றை அழுத்தி ரவையைத் தள்ளும் கைத்துப்பாக்கிகளை, பிரித்துச் சரிசெய்வதில் பதினைந்து வருஷப் பழக்கம் உண்டு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருமங்கலம்: அண்ணே, தாத்தா பெட்டியில் வெப்லி சீனியர் ஒன்று கிடைத்தது. எங்கிருந்து பிரிக்க ஆரம்பிப்பது?

உள்ளே ரவை இல்லை, ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள் தம்பி. சீனியர், இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி 1930-ல் கொண்டுவந்த மாடல். ஆனால் அதன் உள்ளமைப்பு 1924-ல் வந்த வெப்லி மார்க் 1-லேயே இருக்கிறது. குழாயின் பின்முனையை விடுவித்து, மேலே தூக்கி முன்னால் மடக்கினால் பிஸ்டன் முன்பக்கம் வந்து மாட்டிக்கொள்ளும். சுடும்போது அது உங்கள் கையை நோக்கிப் பின்னால் பாயும். அழுந்திய காற்று மேலே திரும்பிக் குழாய்க்குள் போகும். அவ்வளவு சின்ன உடம்புக்குள் நீளமான குழாயை வைக்க அவர்கள் கண்ட வழி இது. முதன்முதல் பிரித்துப் பார்த்தபோது வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது சிலிண்டரின் முன்பக்க மரை மூடி. பிஸ்டலை ஏற்றாவிட்டாலும் உள்ளே ஸ்பிரிங் அழுந்தித்தான் இருக்கும். என் முதல் பிஸ்டலில் கடைசி மரை விட்டதும் மூடி பறந்து சுவரின் காரையைப் பெயர்த்தது. சிலிண்டரைத் தோல் சுற்றி வைஸில் பிடியுங்கள். மூடியை இன்னொரு பிடியால் அழுத்திக்கொண்டே கழற்றுங்கள். முகம் நேரே இருக்கவே கூடாது.

மேலூர்: தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். இப்போது வெடிச்சத்தமும் புகையும் வருகிறது. பவர் கூடிவிட்டதா?

இல்லை, எண்ணெய் எரிகிறது. காற்று சட்டென்று அழுந்தும்போது கடுமையாகச் சூடேறும். டீசல் என்ஜின் ஓடுவதும் இப்படித்தான். விட்டுவைத்தால் வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். பிரித்துத் துடைத்துவிடுங்கள்.

திண்டுக்கல்: என்னிடம் இருப்பது டயானா மாடல் 5, ஜெர்மன் பிஸ்டல். ரவை பாதி தூரத்திலேயே விழுகிறது ஐயா.

பிரிக்கும் முன் ஒரு சோதனை. மடக்கும் இடத்தின் இணைப்பு மேல் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை வைத்து, ரவை போட்டுப் பாதுகாப்பான இலக்கில் சுடுங்கள். கீற்று துள்ளினால் ஒழுகுவது அங்கேதான். அந்தச் சின்ன வாஷரை மாற்றினால் போதும். துள்ளாவிட்டால் பிஸ்டன் தலையிலுள்ள தோல் கிண்ணம் காய்ந்திருக்கும்.

அதற்கான தோல் உங்கள் ஊரிலேயே தேடிப் பார்க்கலாம். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டதாகக் கேளுங்கள், குரோம் தோல் வேண்டாம். குரோம் தோல் அச்சில் அழுத்தினாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆவாரைத் தோலை வெந்நீரில் அல்ல, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சிலிண்டர் அளவுக்குக் கடைந்த வளையத்துக்குள் போல்ட்டால் இறுக்கி இரண்டு நாள் நிழலில் விடுங்கள். எடுக்கும்போது கிண்ணம் அப்பளம் போல விறைத்திருக்கும். பிளேடால் விளிம்பைச் சீவி, மாட்டுக் குளம்பு எண்ணெயில் ஓர் இரவு போட்டால் விரலுக்கு இணங்கிவிடும். மாட்டுவதற்கு முன் மிச்ச எண்ணெயை ஒற்றி எடுங்கள். மேலூர்க்காரருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

அவனியாபுரம்: துருவுக்குப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு. அந்தப் புளிப்பு இரும்பின் நீலக் கருமையையே தின்றுவிடும். மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, செப்புத் தகட்டின் விளிம்பால் சுரண்டுங்கள். துரு உதிரும், அடியிலிருக்கும் நிறம் தங்கும்.

பஃபிங் மிஷினில் கொடுத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. வெப்லியில் பொறித்திருக்கும் கம்பெனி ஊர்ப் பெயரான 'பர்மிங்காம்' என்ற எழுத்தின் ஓரம் மழுங்கிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது. தேய்ந்த இடத்தைத் தேய்ந்தபடியே விடுங்கள். உங்கள் தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்தது அது.

உசிலம்பட்டி: டயானா மாடல் 6 உள்ளே இரண்டு பிஸ்டன் இருக்கிறதாமே?

ஆமாம். எதிரெதிரே ஓடும் இரண்டு பிஸ்டன்கள், நடுவில் பல்சக்கரம். ஒன்று காற்றை அழுத்தும்போது மற்றது எதிர்ப்பக்கம் ஓடி உதறலை வாங்கிக்கொள்ளும். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்திருந்தது என்று குறிக்காமல் கழற்றினால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. முதல் பிஸ்டலாக அதைத் தொடாதீர்கள். ஆசை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே திறப்போம்.