கேளுங்க சொல்றோம்: கோல்டா ஏரிக்கரை ஸ்டேஷன்

கேள்வி: ஈக்வடார்ல ஏரியை ஒட்டி ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன், தூரத்துல பனி மலைன்னு ஒரு ஃபோட்டோ பார்த்தேன். எந்த இடம் அது? ட்ரெய்ன்லயே போய் இறங்கலாமா?

பதில்: நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா கோல்டாவாத்தான் இருக்கணும். ரியோபம்பா ஊரைத் தாண்டி தெக்க போனா 3,000 மீட்டருக்கு மேல இருக்கற ஏரி அது, குவாயாகில் துறைமுகத்துல இருந்து தலைநகர் கீட்டோ போற ரயில் லைன் அதை ஒட்டியே போகுது. பனி மலை சிம்போராசோ, 6,263 மீட்டர், மேகம் இல்லாத நாள்லதான் முழுசா தெரியும்.

ட்ரெய்ன்தான் இல்லை. மழையிலயும் மண்சரிவுலயும் பாழாப் போன லைனை கோடிக்கணக்குல டாலர் செலவு பண்ணி சரி பண்ணி, 2013ல டூரிஸ்ட் ட்ரெய்னும் விட்டாங்க, ஆனா 2020 மே மாசம் அந்த அரசு ரயில் நிறுவனத்தையே மூடச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு. லைனோரத்து ஊர்க்காரங்க பொழப்பும் சேர்த்து அடிபட்டுச்சு, அதான் எனக்கு ஆறவே இல்லை. இப்ப ரியோபம்பால இருந்து பஸ்ல போங்க, மெயின் ரோட்டுலயே ஏரி வந்துடும்.

கேள்வி: அவ்ளோ உயரத்துக்கு எப்படி தண்டவாளம் போட்டாங்க?

பதில்: இதைத்தான் யாராவது கேக்கணும்னு இருந்தேன்! அப்ப ஈக்வடார் ஜனாதிபதியா இருந்த எலாய் அல்ஃபாரோவோட பிடிவாதம், அமெரிக்கக்காரர் ஆர்ச்சர் ஹார்மனோட கான்ட்ராக்ட். அலௌசி ஊருக்குக் கீழ பிசாசு மூக்குன்னு ஒரு பாறை, கிட்டத்தட்ட செங்குத்து, அங்க வளைவு போட இடமே கிடையாது. அதனால ட்ரெய்ன் ஓடினப்போ நேரா ஏறிப்போய் ஒரு முனைல நிக்கும், ஆள் இறங்கி பாயின்ட்டை, அதாவது தண்டவாளம் பிரியற இடத்துல வண்டியை வேற பாதைக்குத் திருப்பற அமைப்பை மாத்துவார், அப்புறம் மொத்த வண்டியும் ரிவர்ஸ்லயே அடுத்த சரிவுல ஏறும், திரும்ப பாயின்ட் மாத்தி முன்னாடி போகும், இப்படி ஜிக்ஜாக்காத்தான் மலை ஏறுச்சு. இதுக்காக ஜமைக்காவுல இருந்து ஆயிரக்கணக்குல ஆள் கூட்டிட்டு வந்தாங்க, பாறைக்கு வெடி வெக்கறப்பவும் நோய் வந்தும் நிறைய பேர் செத்தாங்க, ஸ்டேஷனை ரசிக்கறப்ப அவங்களையும் நினைக்கணும். 1908 ஜூன் 25ல கீட்டோவுக்கு முதல் ட்ரெய்ன் போச்சு. அதே லைன்லதான் 1912 ஜனவரில அல்ஃபாரோவைக் கைதியா ஏத்திட்டுப் போனாங்க, கீட்டோ ஜெயில்ல கூட்டம் புகுந்து அவரைக் கொன்னுடுச்சு.

கேள்வி: ஸ்டேஷனை விட்டா அங்க வேற என்ன இருக்கு?

பதில்: ஏரியே இருக்கே. ஓரமெல்லாம் டோடோரா கோரை, அதை அறுத்துக் காயவெச்சு பாய் முடையறாங்க. பக்கத்துலயே பல்பனேரா சர்ச், 1534ல ஆரம்பிச்சது, அந்த நாட்டுலயே முதல் சர்ச்னு சொல்றாங்க, அதோட கல் முகப்பை கிட்டப் போய் நிதானமா பாருங்க. பழைய ரியோபம்பா இருந்ததே இந்தப் பக்கம்தான், 1797 பிப்ரவரி 4 பூகம்பத்துல ஊர் அழிஞ்சு, அப்புறம்தான் இப்ப இருக்கற இடத்துக்கு மாத்தினாங்க. போனதும் வேகமா நடக்காதீங்க, அந்த உயரத்துல மூச்சு வாங்கும், தலை வலிக்கும், முதல் நாள் ரியோபம்பாலயே தங்கிட்டுப் போங்க.