சாஸ் பாட்டில் வெச்சு சொல்லிக்கொடுத்த ஆட்டம்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் வீட்ல 'தி பிளைண்ட் சைட்' படம் பாத்தோம். முடியறப்ப நானும் என் மனைவியும் அழுதுட்டோம். குளிர்ல அரை டிரவுசரோட நடந்து போற கறுப்பின பையனை ஒரு அம்மா கார்ல ஏத்திட்டு வந்து, வீட்ல தங்க வெச்சு, படிக்க வெச்சு, பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் பிளேயரா ஆக்கறாங்க. உண்மைக் கதைன்னு வேற போட்டாங்க. அப்புறம் நெட்ல தேடினா அந்தப் பையனே அவங்க மேல கேஸ் போட்டிருக்கார்னு வருது, ஒரே ஷாக். நீங்க ஒரு தடவை இந்த மாதிரி படங்களை 'வெள்ளைக்கார ரட்சகர் படங்கள்'னு கிண்டல் பண்ணி எழுதியிருந்தீங்க. எனக்கு ஒண்ணு தான் புரியல. ஒருத்தர் நல்லது பண்ணினா அவர் என்ன கலர்னு ஏன் பாக்கணும்? இப்படி எல்லாத்தையும் நோண்டிட்டே இருந்தா நாளைக்கு எவன் உதவி பண்ணுவான்? நடந்ததைத் தானே எடுத்திருக்காங்க? என் பொண்ணுக்கு 12 வயசு, அவளுக்குக் காட்டலாம்னு இருந்தேன், இப்ப யோசனையா இருக்கு.

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

நானும் அழுதவன் தான், அதை முதல்ல ஒத்துக்கறேன். புது ரூமைக் காட்டறப்ப, எனக்கு இதுக்கு முன்னாடி இது இருந்ததே இல்லன்னு பையன் சொல்றான், என்ன, தனி ரூமான்னு அந்தம்மா கேக்கறாங்க, இல்ல, கட்டில்ங்கறான். அங்க தொண்டை அடைக்காதவன் யாருமே இருக்க முடியாது. சாண்ட்ரா புல்லக் அதுக்கு ஆஸ்கர் வாங்கினாங்க, மூணு கோடி டாலருக்கும் கம்மியா செலவு பண்ணி எடுத்த படம் முப்பது கோடிக்கு மேல வசூல் பண்ணிச்சு. 2009ல வந்த படத்தைப் பத்தி இன்னைக்கும் ஓசூர்ல உக்காந்து நீங்க கடிதம் போடறீங்கன்னா அது சும்மா படம் இல்ல.

படத்துல வர்ற அந்த டூயி குடும்பம், அந்தப் பையன் மைக்கேல் ஓஹருக்கு சோறு போட்டது உண்மை, கட்டில் வாங்கிப் போட்டது உண்மை, ட்யூஷன் வெச்சது உண்மை. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. கலரைப் பாத்து யாரும் அதைக் குறை சொல்லல, நானும் சொல்லல. என் பிரச்சனை வேற.

படத்துல ரெண்டு சீன் ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. ஒண்ணு, அந்த வீட்டு சின்னப் பையன் டேபிள்ல சாஸ் பாட்டில், மசாலா டப்பா எல்லாம் அடுக்கி வெச்சு, இவன் இங்க நிப்பான் அவன் அங்க ஓடுவான்னு அந்த பிரம்மாண்டமான பையனுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றது. இன்னொண்ணு, பையன் கிரவுண்ட்ல எவனையும் மோதாம பலூன் பாத்துட்டு நிக்கறப்ப, அந்தம்மா ஹை ஹீல்ஸோட உள்ள இறங்கி, இந்த டீம் தான் உன் குடும்பம், குடும்பத்தைக் காப்பாத்துன்னு ஒரு வார்த்தை சொன்னதும் அவன் புலியாயிடறது. தியேட்டர்ல கைதட்டு வாங்கற இடம் இது ரெண்டும். ஓஹர் 2011ல எழுதின சுயசரிதைல இதைப் பத்தித் தான் வருத்தப்பட்டிருக்கார். சின்ன வயசுல இருந்தே அந்த ஆட்டத்தை உக்காந்து பாத்துப் பாத்துப் படிச்சவன் நான், எனக்கு யாரும் சாஸ் பாட்டில் வெச்சு சொல்லித் தரலைங்கறார். படிப்பு விஷயத்துலயும் அப்படித்தான். ஸ்கூல் மாத்தி ஸ்கூல் மாத்தி, யாரும் ஒழுங்கா உக்கார வெச்சு சொல்லித் தராத ஒரு பையனை, படம் மண்டையில ஒண்ணுமில்லாத பையன் மாதிரி காட்டிடுச்சுன்னு சொல்றார். இது ரெண்டும் ஒண்ணு இல்ல இல்லையா?

சரி, படம் எடுத்தவங்க ஏன் அப்படி மாத்தினாங்க? கெட்ட எண்ணம்னு நான் நினைக்கல. கதையோட கணக்கு அப்படி. குடுக்கறவங்க பெருசாத் தெரியணும்னா வாங்கறவன் வெறுங்கையோட வந்து நிக்கணும். அவனுக்கே ஏதாவது தெரிஞ்சிருந்தா, அவனுக்குன்னு ஏற்கனவே யாராவது இருந்தா, அந்தம்மாவுக்கு சீன் கம்மியாயிடும். அதனால அவன் கிட்ட இருந்ததை எல்லாம் முதல்ல பிடுங்கிட்டு, அப்புறம் அதையே அவனுக்கு தானமா குடுக்கறாங்க.

எனக்கு இது நல்லாப் புரியறதுக்கு ஒரு காரணம் இருக்கு. எட்டாவது படிக்கறப்ப எங்க ஸ்கூல்ல வெளியில இருந்து யாரோ வந்து ஏழைப் பசங்களுக்கு நோட்டு குடுத்தாங்க, பேர் வேண்டாம், பெரிய மனுசங்க தான். லிஸ்ட்ல என் பேரும் இருந்துச்சு. அந்த வாரம் தான் எங்கம்மா எங்கேயோ கைமாத்து வாங்கி எனக்கு நாலு புது நோட்டு வாங்கித் தந்திருந்தாங்க, அட்டையெல்லாம் போட்டு, அதைக் கையில வெச்சுட்டு தான் வரிசைல நின்னேன். ஒரு சார் வந்து, டேய் அதை உள்ள வெச்சுட்டு வா, போட்டோல தெரியும்னார். வெச்சுட்டு வந்து வெறுங்கையோட நின்னு வாங்கினேன். நோட்டு நல்ல நோட்டு தான், வருஷம் பூரா அதுல தான் எழுதினேன், நன்றி இல்லாம இல்ல. ஆனா போட்டோல எங்கம்மா வாங்கின நோட்டு இல்ல பாருங்க.

ஓஹர் கதைல அந்த உள்ள வெச்சுட்டு வந்த நோட்டு யாருன்னா டோனி ஹெண்டர்சன், பிக் டோனின்னு சொல்வாங்க. மெம்ஃபிஸ் நகரத்துல அதே ஏழைப் பகுதியைச் சேர்ந்த கறுப்பினத்தவர். ஓஹரோட அம்மாவுக்கு போதைப் பழக்கம், 12 பிள்ளைங்க, பையன் அரசாங்கப் பராமரிப்புலயும் தெரிஞ்சவங்க வீட்லயும் மாறி மாறி வளர்ந்தவன். அவனைத் தன் வீட்ல தங்க வெச்சு, தன் சொந்தப் பையனை பிரையர்கிரஸ்ட்ங்கற கிறிஸ்தவ தனியார் ஸ்கூல்ல சேக்கப் போறப்ப இவனையும் கூட்டிட்டுப் போய் நின்னவர் அவர் தான். அவர் மட்டும் அன்னைக்கு வண்டியை எடுக்கலைன்னா டூயி குடும்பம் ஓஹரைப் பாத்திருக்கவே வாய்ப்பு இல்ல. பணக்காரங்க வீட்ல இருக்கற எக்ஸ்ட்ரா ரூமைக் குடுக்கறது ஒண்ணு, இருக்கற ஒரு ரூம்ல இன்னொருத்தனுக்கு இடம் போடறது இன்னொண்ணு. படத்துல அவர் ஆரம்பத்துல கொஞ்ச நேரம் வர்றார். அவ்வளவு தான்.

நடந்ததைத் தானே எடுத்திருக்காங்கன்னு கேட்டீங்க. நடந்தது தான், ஆனா யார் சொல்லி? படம் மைக்கேல் லூயிஸ் 2006ல எழுதின புத்தகத்துல இருந்து எடுத்தது. அந்த லூயிஸும் அந்த வீட்டு அப்பா ஷான் டூயியும் நியூ ஆர்லியன்ஸ்ல ஒண்ணா ஸ்கூல் படிச்சவங்க. பழைய ஸ்கூல் நண்பன் வீட்டுக்குப் போனப்ப கிடைச்ச கதை. நல்ல புத்தகம் தான் அது, அதை சொல்லணும், ஏன்னா அதுல பாதி கருணையைப் பத்தியே இல்ல, சந்தையைப் பத்தி. பந்து எறியற குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப் பக்கம் தெரியாது, அந்தப் பக்கத்துல இருந்து வர்ற ஆளைத் தடுக்கறதுக்கு நிக்கற லெஃப்ட் டேக்கிள்ங்கற ஆளுக்கு எப்படி சம்பளம் எகிறிச்சு, அந்த உடம்புவாகு உள்ள பையங்களை யுனிவர்சிட்டிங்க எப்படி வலை வீசித் தேடினாங்கன்னு விவரமா இருக்கும். படத்தோட பேரே அந்த முதுகுப் பக்கம் தான். டூயி தம்பதி ரெண்டு பேரும் மிசிசிப்பி யுனிவர்சிட்டில படிச்சவங்க, பையனும் கடைசில அங்க தான் சேர்ந்தான், அவனோட ஸ்கூல் கோச்சுக்கும் அதே இடத்துல வேலை கிடைச்சது. கல்லூரி விளையாட்டை நடத்தற அமைப்பு இதை விசாரிக்கவும் செஞ்சது. படத்துலயும் அந்த விசாரணை வருது, ஆனா அங்க அது அந்தம்மாவோட நல்ல மனசை நிரூபிக்கறதுக்கான சீனா மாறிடுது.

கேஸ் விஷயத்துக்கு வரேன், இதுல நீங்க படிச்ச நியூஸ் எந்தளவுக்கு சரியா இருந்துச்சோ. 2023 ஆகஸ்ட்ல ஓஹர் மெம்ஃபிஸ்ல இருக்கற கோர்ட்ல மனு போட்டார். என்னைத் தத்து எடுத்ததா சொன்னாங்க, ஆனா தத்தே எடுக்கல, 2004ல எனக்கு 18 வயசு முடிஞ்ச கொஞ்ச நாள்ல கையெழுத்து வாங்கினது கன்சர்வேட்டர்ஷிப் பேப்பர்லன்னார். அது என்னன்னா, உடம்போ மனசோ சரியில்லாம தன் காரியத்தைத் தானே பாத்துக்க முடியாதவங்களுக்காக இன்னொருத்தர் முடிவெடுக்கறதுக்கான சட்ட ஏற்பாடு. இவருக்கு அப்படி எந்தக் குறையும் இல்ல. படத்துல வந்த காசுல அந்தக் குடும்பத்துக்கும் அவங்க சொந்தப் பிள்ளைங்களுக்கும் பங்கு போச்சு, எனக்கு வரலைன்னும் மனுவுல இருந்துச்சு. டூயி குடும்பம் அதை மறுத்தாங்க, எல்லாருக்கும் சமமாத் தான் பிரிச்சோம், கல்லூரி விளையாட்டு விதிக்காக வக்கீல் சொன்னபடி பண்ணினோம், இப்ப மிரட்டிப் பணம் கேக்கறார்னாங்க. படம் எடுத்த கம்பெனி, மொத்தமாவே 7 லட்சத்து 67 ஆயிரம் டாலர் கிட்ட தான் குடுத்தோம்னு சொல்லுச்சு. ஓஹரோட 2011 புத்தகத்துலயே கன்சர்வேட்டர்ங்கற வார்த்தை இருக்கு, தத்து எடுக்கறதுக்கும் இதுக்கும் பெரிசா வித்தியாசம் இல்லன்னு தனக்கு சொன்னதா எழுதியிருக்கார். அதனால பணத்துல யார் பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா அந்த செப்டம்பர்லயே ஜட்ஜ் கன்சர்வேட்டர்ஷிப்பை ரத்து பண்ணிட்டாங்க. 43 வருஷ அனுபவத்துல, குறைபாடு எதுவும் இல்லாத ஒருத்தருக்கு இப்படி ஒரு ஏற்பாட்டை நான் பாத்ததே இல்லன்னு அந்த ஜட்ஜம்மா சொன்னாங்க.

எனக்கு இந்த இடம் தான் உறுத்துது. தன் காரியத்தைத் தானே பாத்துக்கத் தெரியாத பையன்னு சினிமா அவரைக் காட்டுச்சு. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு கோர்ட் பேப்பரும் அவரை அதே இடத்துல தான் வெச்சிருந்திருக்கு. இத்தனைக்கும் அந்த ஆள் படிச்சு டிகிரி வாங்கி, 2009ல அமெரிக்க ஃபுட்பால் லீக்குக்கு ஆள் எடுக்கறப்ப முதல் ரவுண்டுல 23வது ஆளா பால்டிமோர் டீமுக்கு எடுக்கப்பட்டு, சூப்பர் பௌல்ங்கற அந்த லீக்கோட ஃபைனலை ஜெயிச்ச டீம்ல ஆடினவர்.

நன்றி கெட்டவன்னு நீங்க சொல்லல, ஆனா உங்க ஷாக்குக்குள்ள அது ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது, தப்பா எடுத்துக்காதீங்க. சோறு போட்டவங்களை கணக்கு கேக்கலாமான்னா, கேக்கலாம். சோறு வேற, கணக்கு வேற.

இதே மாதிரி இன்னொரு படம், 'கிரீன் புக்', 2019ல சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினது. இதுல கூத்து என்னன்னா, டான் ஷர்லிங்கற கறுப்பின பியானோ மேதை தான் முதலாளி, டோனி வலேலோங்காங்கற வெள்ளைக்காரர் அவர் கிட்ட சம்பளம் வாங்கற டிரைவர். சம்பளம் குடுக்கறவர் ஷர்லி, ஆனா படத்துல குடுக்கறவர் டிரைவர்! வறுத்த கோழியை எப்படிக் கையில எடுத்து சாப்பிடறதுன்னு இவருக்கு அவர் சொல்லித் தர்றார், கறுப்பினப் பாடகர்கள் யாருன்னே இவருக்கு அவர் தான் சொல்லித் தர்றார். திரும்பவும் சாஸ் பாட்டில். ஷர்லிக்கு சொந்தபந்தமே கிடையாது, தம்பியோட பேச்சு இல்லன்னு படம் காட்டுது, அவர் குடும்பமோ அது பொய், எங்களோட நல்லாத் தான் இருந்தார்னு சண்டைக்கு வந்துச்சு. கதை எழுதினதுல ஒருத்தர் அந்த டிரைவரோட மகன். அப்பா மேல உள்ள பாசத்துல எழுதியிருக்கார், எழுதட்டும், ஆனா ஷர்லியோட குடும்பத்து கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

'ஹிடன் ஃபிகர்ஸ்' எனக்குப் பிடிச்ச படம், அதுலயும் மேலதிகாரியா நடிக்கற கெவின் காஸ்ட்னர் கடப்பாரையோட வந்து கறுப்பினப் பெண்களுக்கான டாய்லெட் போர்டை அடிச்சு ஒடைக்கறார், நாசால எல்லாரும் ஒரே கலர்ல தான் ஒண்ணுக்குப் போறோம்னு வசனம் வேற. அந்த மேலதிகாரியே கற்பனைப் பாத்திரம். உண்மையில, படத்தோட நாயகியான நாசா கணித நிபுணர் கேத்தரின் ஜான்சன் அப்படி யாரும் வந்து போர்டை ஒடைக்கற வரைக்கும் காத்துட்டு இருக்கல, அவங்க பாட்டுக்கு பக்கத்துல இருந்த டாய்லெட்டுக்கு போயிட்டு வந்துட்டே இருந்தாங்க. எது பெரிய தைரியம்னு நீங்களே சொல்லுங்க. படத்துக்காக அதை அந்தம்மா கிட்ட இருந்து எடுத்து ஒரு வெள்ளைக்கார ஆபீசர் கையில கடப்பாரையாக் குடுத்துட்டாங்க.

அப்ப உதவின வெள்ளைக்காரரையே காட்டக் கூடாதான்னு கேப்பீங்க. '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' பாருங்க. சாலமன் நார்த்தப் 1841ல கடத்தப்பட்டு அடிமையா விக்கப்பட்டவர், விடுதலை ஆனது 1853ல, அதே வருஷம் அவர் வாயால சொன்ன கதை புத்தகமா வந்துச்சு. அவருக்காக ஊருக்குக் கடிதம் எழுதிப் போட்டது பாஸ்ங்கற கனடாக்கார தச்சர், வெள்ளைக்காரர். உயிரைப் பணயம் வெச்சு செஞ்ச உதவி அது, படத்துல மரியாதையாவே வருது, பிராட் பிட் தான் நடிச்சார். ஆனா அந்த ஆள் வர்றதுக்கு முன்னாடியே சாலமனுக்கு வயலின் தெரியும், எழுதப் படிக்கத் தெரியும், தான் யாருன்னு தெரியும். கதை சொந்தக்காரன் கையில இருந்ததால அப்படி. இதுலயும் ஒரு காமெடி, இத்தாலில அந்தப் படத்துக்கு போஸ்டர் அடிச்சப்ப பிராட் பிட் முகத்தை முழுசாப் போட்டு, சாலமனா நடிச்சவரை கீழ ஒரு மூலையில ஓடற மாதிரி பொடிசாப் போட்டுட்டாங்க. சத்தம் வந்ததும் வாபஸ் வாங்கினாங்க.

பொண்ணுக்குத் தாராளமாக் காட்டுங்க. அழுதா அழட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க, படம் ஆரம்பிச்சதும் பிக் டோனி வந்தவுடனே, இவரைக் கவனிச்சுட்டே வா, இவர் எப்ப காணாமப் போறார்னு எனக்கு சொல்லுன்னு அவ கிட்ட சொல்லி வெச்சுடுங்க. அவ என்ன சொன்னாங்கறதை எனக்கு எழுதுங்க.