மண்டபத்துக் கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

தங்கைக்கு வணக்கம்.

கூடலூரிலிருந்து மணமாகி இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வந்து ஆறு வாரமே ஆன நீங்கள், விசா, வருங்காலப் பிள்ளைகளின் படிப்பு, விலைவாசி என்று பலவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில், "மாதத்தில் ஒரு ஞாயிறு மரண உதவிச் சங்கக் கூட்டத்துக்கு மண்டபத்துக்கு வா என்று மாமியார் அழைக்கிறார், போகத்தான் வேண்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாதச் சந்தா வாங்கி, இழவு வீட்டுக்குப் பணமும் ஆளுதவியும் தரும் சங்கம் அது. எனக்குப் பதில் சொல்லத் தோன்றுவது இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விலைவாசியைக் கடைக்காரர் சொல்லித் தருவார்.

போக வேண்டும். அதோடு, கணவர் பெயரின் கீழ் ஒட்டிக்கொள்ளாமல், உங்கள் பெயரிலேயே தனியாகச் சந்தா கட்ட வேண்டும்.

நான் 2004இல் கோத்தகிரியிலிருந்து இங்கே வந்தேன். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்பதென்று இரு நாடுகளும் 1964இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி என் அம்மாவின் குடும்பம் 1974இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அப்போதே மணமாகித் தனிக் குடும்பமாக இருந்த மாமா மட்டும் இங்கேயே தங்கினார். அவருடைய மகனைத்தான் நான் மணந்தேன். கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே வந்ததும் இந்தியாக்காரி ஆனேன். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (அறையில்) ஐந்து பேர், ஓயாத மழை, புகையும் ஈர விறகு. கணவரோ கொழும்பில் கடையொன்றில் வேலை.

வந்த ஐந்தாம் மாதம் மாமா இறந்தார். மூன்று மாதச் சந்தா நிலுவையானால் உதவித்தொகை கிடையாது என்பது சங்கத்தின் விதி; எங்கள் வீட்டில் நான்கு மாதம் நிலுவை. பொருளாளர் இழவு வீட்டின் இஸ்தோப்பிலேயே (முன் திண்ணையிலேயே) கணக்குக் கொப்பியை விரித்துக் காட்டினார். பணம் வரவில்லை. ஆனால் தறப்பாளும் (தார்ப்பாயும்) கதிரைகளும் (நாற்காலிகளும்) சமையல் கிடாரமும் கேட்காமலே வந்திறங்கின; குழி வெட்ட யார் யாருடைய முறையோ அவர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்தக் கொப்பிதான் கண்ணில் உறுத்தியது, மண்வெட்டிகள் தெரியவில்லை. இன்று அந்த விதியைத் தளர்த்த யாராவது முன்மொழிந்தால் முதலில் எதிர்ப்பவள் நான்தான்.

எங்கள் மண்டபம் முன்பு பிள்ளைக் காம்பராவாக (குழந்தைகள் காப்பகமாக) இருந்த கட்டடம். பத்தாம் திகதி சம்பளம் என்பதால் அதற்கு அடுத்த ஞாயிறு கூட்டம் நடக்கும். முதலில் அந்த மாதம் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி, பின்பு சென்ற கூட்டறிக்கையை வாசித்து முன்மொழிந்து வழிமொழிதல், வரவு செலவு, சந்தா, அடுத்த மாதத்துக் குழி வெட்டும் முறை, சமையல் முறை. இவையெல்லாம் அரை மணி நேர வேலை. மீதி ஒன்றரை மணி நேரம், இரவல் போன கிடாரம் ஏன் ஒடுங்கித் திரும்பியது என்ற விசாரணைக்குப் போகும். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாயான பிறகும் நூறு ரூபாய்ச் சந்தாவை உயர்த்த மறுத்தவர்கள், 2022இல் அரிசியும் சீனியும் எட்டாத விலைக்குப் போனபோது, உதவித்தொகை கருமாதிச் செலவுக்குக்கூடப் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

சில விடயங்களில் கவனமாக இருங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் சந்தா கொடுக்காதீர்கள். முதல் ஆண்டிலேயே பொருளாளர் பதவியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். படித்த பெண் என்று புகழ்வதன் உட்பொருள் அதுதான். "எங்கள் ஊரில்" என்று எந்தப் பேச்சையும் தொடங்காதீர்கள். தொழிற்சங்கத் தலைவர்மார் தங்கள் கட்சிச் சண்டையை மண்டபத்துக்குள் கொண்டுவரும்போது எழுந்து போய்த் தேநீர் ஊற்றுங்கள். கொழுந்து பறித்துச் சந்தா கட்டுவது பெரும்பாலும் பெண்கள், கதிரையில் அமர்வது ஆண்கள் என்ற வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எனக்குக் கதிரை கிடைக்க ஆறு ஆண்டு ஆனது. இந்தியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அட்டன் நகரில் வீடெடுத்துக்கொண்டு, மண்டபத்துப் படியை மிதிக்காமலேயே இருந்துவிட்டு, வீட்டில் ஒருவர் கண்மூடிய பிறகு ஆட்டோ பிடித்து ஓடிவரும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் தறப்பாள் கொடுக்கிறோம், ஆனால் அன்றைக்கு லயத்துப் பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் பெயரிலேயே கட்டுங்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு அப்போது இந்நாட்டு அடையாள அட்டை இல்லை, வாக்கு இல்லை, தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) பேர் இல்லை. இந்நாட்டில் என் பெயரை எழுதிய முதல் பதிவேடு சங்கத்துடையதுதான்.

2017இல் அம்மா கோத்தகிரியில் இறந்தார். உறுப்பினரின் பெற்றோர் இறந்தாலும் உதவித்தொகை உண்டு; ஆனால், கடல் தாண்டிய இழவுக்கு யார் சாட்சி என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். விடயம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நான் இறப்புச் சான்றிதழின் பிரதியோடு போனேன். அதை யாரும் வாங்கிப் பார்ப்பதற்குள், கூட்டத்தில் வாயே திறக்காத மேட்டு லயத்துப் பாட்டி ஒருவர் எழுந்து, என் அம்மாவைக் குறித்து, "அந்தப் பிள்ளையை அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட்டவள் நான், இன்னும் என்ன சாட்சி வேண்டும்?" என்றார். முழுத்தொகையும் கொடுப்பதென்று முடிவாயிற்று. அப்போது செயலாளராக இருந்தவள் நான்தான் என்பதால் கூட்டறிக்கையையும் நானே எழுத வேண்டியிருந்தது. ஏகமனதாக என்று எழுதச் சொன்னார்கள்; இரண்டு பேர் கை உயர்த்தாததால், இருவர் நடுநிலை என்றே எழுதினேன்.

உங்கள் தோட்டத்தில் எந்த ஞாயிறு என்பதை மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மணி என்று அறிவித்தால் ஐந்துக்குத்தான் தொடங்குவார்கள். ஆனாலும் நான்குக்கே போய்விடுங்கள், கதிரை கிடைக்கும்.