ரைஸ் குக்கரைப் பிரிக்க விடலாமா?

ஐயா,

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகனுக்கு வேதியியல் மீது அப்படியொரு ஆசை. சிங்கப்பூரின் உட்லண்ட்சில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு மூலையை ஆய்வகமாக்க வேண்டும் என்கிறான். கடையில் விற்கும் கருவிகள் கட்டுப்படியாகாது என்பதால், பழைய ரைஸ் குக்கரைப் பிரித்து ஹாட்பிளேட் செய்யப்போகிறானாம். ஜாம் பாட்டிலையும் மீன்தொட்டிக் குழாயையும் வைத்துத் திரவங்களைக் காய்ச்சி வடிப்பானாம். தடுக்க மனமில்லை, விடவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஹாட்பிளேட், காய்ச்சி வடிப்பது இரண்டையும் செய்ய விடாதீர்கள். ஆனால் ஆய்வகமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

ரைஸ் குக்கரில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். உறையைக் கழற்றிவிட்டால் கை பட்டாலோ உப்புநீர் சிந்தினாலோ உயிருக்கே ஆபத்து. ஜாம் பாட்டில் சாதாரணக் கண்ணாடி. ஆய்வகங்களில் இருக்கும் போரோசிலிகேட் கண்ணாடியைவிட அது சூட்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக விரியும். ஒருபக்கம் சூடாகவும் மறுபக்கம் ஆறியும் இருந்தால் விரிசல் விட்டுவிடும். மூடியை இறுக்கி, குழாயும் அடைத்துக்கொண்டால் வெடிக்கும். சூடேற்றும் கண்ணாடிக் கலனையும் கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடியையும் காசு கொடுத்தே வாங்குங்கள். அதில் சிக்கனம் கூடாது.

கலக்குகிற கருவியும் அளக்கிற கருவியும் வேறு விஷயம். அவை 12 வோல்ட் அடாப்டரில் வேலை செய்யும், குறைந்த செலவில் முடியும். பழைய கணினியின் காற்றாடி ஒன்றை எடுத்து, அதன் நடுக்குமிழில் இரண்டு சிறிய நியோடிமியம் காந்தங்களை ஒட்ட வேண்டும். ஒன்றின் வடமுனை மேலே இருந்தால் மற்றதன் தென்முனை மேலே இருக்கட்டும். மையத்திலிருந்து இரண்டும் ஒரே தூரம். மேலே கலன், அதற்குள் டெஃப்லான் பூசிய காந்தத் துண்டு. காற்றாடி சுழன்றால் துண்டும் சுழன்று திரவத்தைக் கலக்கும். துண்டுக்குப் பதில் ஆணியைப் போட்டால் துருப்பிடிக்கும், அமிலத்தில் கரையும். வேகத்தைக் குறைக்க ஒரு கட்டுப்படுத்தியும் தேவை. எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் விட்டால் துண்டு துள்ளி ஓரமாக ஒதுங்கிவிடும்.

நான் மிகவும் விரும்புவது நிறமானி, அதாவது திரவத்தில் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று அளக்கும் கருவி. உள்ளே கறுப்புத்தாள் ஒட்டிய ஒரு பெட்டி, ஒருபக்கம் மின்தடையுடன் ஒரு சிவப்பு எல்இடி, எதிரே ஒளிக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்டிஆர், நடுவே ஒரு கண்ணாடித் தம்ளர், வெளியே எல்டிஆரின் மின்தடையை அளக்க மல்டிமீட்டர். மின்னணுப் பாகங்கள் எல்லாம் சிம் லிம் டவர் கடைகளில் கிடைக்கும். கேக்குக்குப் போடும் நீல நிறமி, அதாவது இ133 என்ற எண்ணுள்ள உணவு நிறமி, சுமார் 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். சாதாரணச் சிவப்பு எல்இடி தரும் ஒளியும் ஏறக்குறைய அதுவே. முதலில் வெறும் தண்ணீரை அளக்க வேண்டும். அப்புறம் அதே அளவு தண்ணீரில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, மூன்று சொட்டு என்று நிறமியைக் கூட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு மின்தடையையும் குறித்து வரைபடம் போட வேண்டும். எல்டிஆர் நேர்க்கோட்டில் மாறாது, அதனால் இந்த வரைபடம் இல்லாமல் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கடையில் வாங்கும் கருவி இந்த வேலையைப் பெட்டிக்குள் மறைத்துவிடுகிறது. தானே செய்கிற பிள்ளைதான் எண் எங்கிருந்து வருகிறது என்று கற்றுக்கொள்கிறது. சிக்கனத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ரசாயனங்களில் கவனம் தேவை. பொட்டாசியம் நைட்ரேட், அம்மோனியம் நைட்ரேட் போன்றவற்றுக்கு இங்கே காவல்துறை உரிமம் வேண்டும். தம்பி எதையும் இணையத்தில் வாங்கும்முன் உங்களிடமும் ஆசிரியரிடமும் காட்டட்டும். சமையல் பாத்திரத்தை ஆய்வுக்கு எடுத்தால் அது திரும்ப அடுப்புக்கு வரக்கூடாது.

முதல் வேலையாக, இ133 மட்டும் நிறமியாகச் சேர்த்த நீலப் பானம் ஒன்றில் எத்தனை சொட்டுக்குச் சமமான நிறம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாயு கலந்த பானமானால் முதலில் கலக்கியில் சுற்றவிட்டு வாயுவைப் போக்க வேண்டும். குமிழிகள் ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். விடை கிடைத்ததும் வரைபடத்தோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே தம்ளரில்தான் அளந்தாரா என்று நான் கேட்பேன்.