ஜாஸ் தொடருக்குச் சந்தா கட்டலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு ஊர் என்றால் செம்பூர்தான். எல்ஐசியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஃபைன் ஆர்ட்ஸ் சபாவிலும் ஷண்முகானந்தா அரங்கிலும் முடிந்தவரை கச்சேரியைத் தவறவிடுவதில்லை.

போன மாதம் மருமகள் என்னைத் தென் மும்பையில் ஒரு ஜாஸ் கச்சேரிக்கு அழைத்துப் போனாள். லாப நோக்கமில்லாத ஒரு டிரஸ்ட் நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு கச்சேரி வைக்கிறதாம். பியானோ, ஆளுயர பாஸ், டிரம்ஸ், சாக்ஸபோன், மொத்தம் நாலே பேர். முதலில் ஒரு மெட்டு வாசித்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த மெட்டு எங்கோ காணாமல் போய்விட்டது. நடுநடுவே எல்லோரும் கைதட்டுகிறார்கள். பாட்டு முடிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அதே மெட்டு திரும்பி வந்தபோதுதான் ‘ஓ, இவ்வளவு நேரமும் அதே பாட்டுதானா’ என்று புரிந்தது. அரங்கில் பாதி நாற்காலி காலி. முடிந்ததும் டிரஸ்டைச் சேர்ந்த ஒருவர் மேடையேறி, டிக்கெட் வசூல் போதவில்லை, அடுத்த வருஷத் தொடருக்குச் சந்தா கட்டுங்கள், முடிந்தவர்கள் நன்கொடையும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மருமகள் கட்டிவிடலாம் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் இதை எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. கேட்க ஆள் வராத சங்கீதத்தை நன்கொடை வாங்கி ஏன் நடத்த வேண்டும்? அப்படியே நடத்தினாலும், நம் சபாக்களே இளைய ரசிகர்கள் இல்லாமல் திண்டாடும்போது நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

ஒரு வாசகி
செம்பூர், மும்பை

அன்புள்ள அம்மா,

சந்தாவைக் கட்டிவிடுங்கள் என்பதுதான் என் பதில். காரணங்களைச் சொல்வதற்கு முன், காணாமல் போன அந்த மெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜாஸ் மேடையில் வாசிக்கப்படும் உருப்படிகளில் மிகப் பெரும்பாலானவை 32 பார் நீளமுள்ளவை, அல்லது 12 பார் நீளமுள்ள ப்ளூஸ். ஒரு பாருக்கு வழக்கமாக நாலு அடி. அப்படியானால் 32 பார் என்பது 128 அடி, எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம். ப்ளூஸ் 48 அடி, 6 ஆவர்த்தனம். இந்த ஒரு சுற்றைக் கோரஸ் என்பார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அதன் பிறகு சாக்ஸபோன்காரர் மூன்று சுற்றோ ஐந்து சுற்றோ எடுத்துக்கொள்வார், அப்புறம் பியானோ, அப்புறம் பாஸ். மெட்டை அப்போது யாரும் வாசிப்பதில்லை. ஆனால் அந்த மெட்டுக்கு அடியில் இருந்த கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின், வரிசை அதே ஒழுங்கில், அதே 32 பாருக்குள், நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் நிரவலில் பாட்டு வரியான சாகித்யமும் அது தாளத்தில் தொடங்கும் எடுப்பும் மாறாமலிருக்க மேலே சஞ்சாரம் மாறுகிறது. இங்கே சாகித்யத்தின் இடத்தில் கார்டு வரிசை. கடைசியில் மெட்டு திரும்பி வந்ததும் நீங்கள் அடையாளம் கண்டுகொண்டீர்கள் அல்லவா, அது சின்ன விஷயமில்லை. நிறையப் பேர் அதையே தவறவிடுவார்கள்.

நம் காதுக்கு இதில் ஒரு உண்மையான சிரமம் உண்டு. தம்புரா கிடையாது. உருப்படிக்கு மூல சுரம் என்று ஒன்று இருந்தாலும் அது இடைவிடாமல் ஒலிப்பதில்லை. ஒரு பாருக்கோ இரண்டு பாருக்கோ ஒருமுறை அடித்தளமே நகர்கிறது. வருஷக்கணக்காக ஆதார ஷட்ஜத்தில் நின்று கேட்டுப் பழகியவருக்கு இது காலுக்குக் கீழே தரை விலகுவதுபோல இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாக்ஸபோனை விட்டுவிட்டு பாஸைக் கேளுங்கள். அந்த ஆளுயர வாத்தியம் அடிக்கு ஒரு சுரமாக, பாருக்கு நாலு சுரம் நடந்துகொண்டே போகும். பெரும்பாலும் முதல் அடியில் அந்தப் பாரின் கார்டுக்கு ஆதாரமான சுரம் விழும். தரை எங்கே நகர்கிறது என்று அந்தக் கைதான் உங்களுக்குச் சொல்லும். கூடவே டிரம்ஸ்காரரின் இடது காலைப் பாருங்கள். இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் ஹை-ஹேட் தட்டுகள் மூடிக்கொள்ளும். நாம் முதல் அடியில் தட்டிப் பழகியவர்கள். தொடையில் தாளம் போடும்போது இரண்டிலும் நாலிலும் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் கை கேட்காது, பிறகு கேட்கும். அந்த இசையின் நடை அங்கேதான் இருக்கிறது.

கைதட்டல் விஷயம் எளிது. ஒருவருடைய சுற்றுகள் முடிந்து அடுத்தவர் எடுக்கும் இடத்தில் தட்டுகிறார்கள். ஸ்வரம் பாடி, கோர்வை கச்சிதமாக எடுப்பில் வந்து சேரும்போது ஷண்முகானந்தாவில் எழும் கைதட்டலுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. முடிவை நெருங்கும்போது சாக்ஸபோன் நாலு பாரும் டிரம்ஸ் நாலு பாருமாக மாற்றி மாற்றி வாசிப்பதைக் கவனித்தீர்களா? தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் பதில் பேசிக்கொள்வதைக் கேட்ட உங்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவையும் எழுதினாலும், ஒரு கச்சேரியில் இது பிடிபடாது. சந்தாவைக் கட்டச் சொல்வது அதனால்தான். உங்களுக்குத் தோடி எப்படித் தெரிந்தது? ஒரே கச்சேரியிலா? அதே கீர்த்தனையை ஒரு வித்வான் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் பாடக் கேட்டுக் கேட்டு, நடுவில் நாட்கள் கழிந்து, உள்ளே தங்கியதால் தெரிந்தது. ஜாஸிலும் எல்லோரும் வாசிக்கும் பொது உருப்படிகள் உண்டு, ஸ்டாண்டர்ட் என்பார்கள். நவம்பரில் சாக்ஸபோனில் கேட்ட ஒன்றை ஜனவரியில் டிரம்பெட்டிலோ ஒரு பாடகியின் குரலிலோ கேட்கும்போது, எது உருப்படி, எது கலைஞரின் கற்பனை என்று காது தானே பிரித்துக்கொள்ளும். மூன்று நாள் திருவிழாவில் இது நடப்பதில்லை. அங்கே பதினைந்து குழு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகும், எல்லாம் கலங்கிவிடும். மாதம் ஒன்றாக, ஒரே அரங்கில், ஒரே முகங்களோடு உட்கார்ந்து கேட்கும் தொடர்தான் ரசிகரை உண்டாக்குகிறது. கூட்டம் வந்த பிறகு தொடர் நடத்தலாம் என்று காத்திருந்தால் கூட்டம் வரவே வராது. கேட்க ஆள் வராததை ஏன் நடத்த வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 200 பேர் உட்காரும் அரங்கில் 100 பேர், தலைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50,000 ரூபாய். 500க்கு மேல் விலை வைத்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இந்தப் பணத்தில் நாலு கலைஞர்கள், அவர்களுடைய ஒத்திகை நாட்கள், அரங்க வாடகை, ஒலி, இசை உரிமக் கட்டணம். பியானோவைக் கச்சேரிக்கு முன்னால் சுருதி கூட்ட வேண்டும், இந்தக் கடற்காற்றில் அது சீக்கிரம் கலையும். பாஸ் வாத்தியத்தை விமானத்தில் கையோடு கொண்டுவர முடியாது, வெளியூர்க்காரர் வந்தால் இங்கே ஒன்றைத் தேடிக் கொடுக்க வேண்டும். பங்கு போட்டுப் பார்த்தால் கலைஞருக்கு என்ன மிஞ்சும் என்று எல்ஐசியில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் ஆள் வராததால் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜாஸ் பிறந்த அமெரிக்காவிலேயே இதுதான் நிலை. நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 1987இல் கோடைகாலக் கச்சேரித் தொடர் ஒன்று தொடங்கியது. 1996இல் அது தனி அமைப்பானது, 2004இல் சொந்த அரங்கங்கள் கட்டிக்கொண்டது. இன்றைக்கும் லாப நோக்கமற்ற நிறுவனம்தான், நன்கொடை கேட்டுத்தான் நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1983இல் தொடங்கிய விழாவுக்குச் சொந்தக் கட்டடம் 2013இல்தான் வாய்த்தது. நம் பக்கமும் வேறில்லை. சென்னையில் 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது, அதிலிருந்து டிசம்பர் சீசன். உறுப்பினர் சந்தாவும் புரவலர் கையும் இல்லாமல் எந்த சபா நின்றது? ஷண்முகானந்தா 1990இல் தீப்பிடித்து, 1998இல் மறுபடி திறந்ததே, டிக்கெட் விற்றுக் கட்டிய கட்டடமா அது?

மும்பையில் ஜாஸுக்கு அப்படி ஒரு தாங்கும் கை நெடுநாள் இருந்ததில்லை என்பது என் வருத்தம். 1935இல் லியான் ஆபி என்ற கறுப்பின அமெரிக்க வயலின் கலைஞர் தன் குழுவோடு தாஜ் ஹோட்டலுக்கு வந்தார். பிறகு டெடி வெதர்ஃபோர்ட் வந்து பியானோ வாசித்தார். அவர்களோடு வாசித்தும் அவர்களைக் கேட்டும் கோவாக்காரக் கலைஞர்கள் ஒரு தலைமுறையே உருவானது. சம்பளம் கொடுத்தது ஹோட்டல், கேட்டவர்கள் சாப்பிடவும் ஆடவும் வந்தவர்கள். மதுவிலக்கு வந்ததும் அந்த வருமானம் சுருங்கியது. பலரும் இந்தி சினிமா ஸ்டுடியோக்களில் பகலில் வாசித்துப் பிழைத்தார்கள். அந்தப் பழைய பாடல்களில் நாம் ரசிக்கும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அவர்களுடைய மூச்சுதான், திரையில் அவர்கள் பெயர் வரவில்லை. அதற்கெல்லாம் பிறகு நிரஞ்சன் ஜவேரி ஜாஸ் இந்தியா என்ற அமைப்பைக் கட்டி, 1978இல் ஜாஸ் யாத்ரா என்ற விழாவைத் தொடங்கினார். தோபி தலாவ் பக்கத்தில் ரங் பவன் என்ற திறந்தவெளி அரங்கில், சாப்பாட்டு மேசை எதுவும் இல்லாமல், கேட்பதற்கென்றே கூட்டம் வந்து உட்கார்ந்தது. முதல் விழாவிலேயே அமெரிக்க சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸ் வந்து வாசித்தார். 2000இல் ஒலி மாசு விதிகள் வந்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றானதில் ரங் பவனில் கச்சேரிகள் நின்றுபோயின. விதி நியாயமானதுதான், நோயாளியின் தூக்கத்தை விடக் கச்சேரி பெரிதல்ல. ஆனால் கலைந்த அந்தக் கூட்டத்தை மறுபடி ஓரிடத்தில் சேர்க்க யாராவது வேண்டுமே. இப்போது நரிமன் பாயின்டில் என்சிபிஏ என்ற நிகழ்கலை மையம் செய்கிறது, உங்கள் மருமகள் கண்டுபிடித்ததுபோலச் சில சின்ன டிரஸ்டுகள் செய்கின்றன.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்டீர்கள். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டிருப்பீர்கள், அந்த சாக்ஸபோனை நம் சபாக்கள் எவ்வளவு ஆசையாக ஏற்றுக்கொண்டன! 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டன் அவரைக் கேட்டு வியந்து, தன்னோடு சேர்ந்து வாசிக்க அழைத்தார். உலக மேடைகள் அவருக்குத் திறந்ததில் இந்த ஊர் ஜாஸ் ரசிகர்களுக்குப் பங்கு உண்டு. பெங்களூரின் ஆர். ஏ. ராமமணி கர்நாடக சங்கீதக் குரலோடு லூயிஸ் பேங்க்ஸின் ஜாஸ் குழுவில் பாடியிருக்கிறார். அவரும் டி. ஏ. எஸ். மணியும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு செய்த இசைத்தட்டை 1983இல் ஜெர்மனியின் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. ஸ்வரமும் சொற்கட்டும் அப்படியே நம்முடையவை, அவற்றுக்கு நடுவே சாக்ஸபோன் பணிவாக வழி கேட்டு நுழையும். தேடிக் கேளுங்கள். உங்களுக்கு உள்ளே போக அதைவிட நல்ல வாசல் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஃபைன் ஆர்ட்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதைக் கட்ட வேண்டாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் கை இடம் கொடுக்கும் என்றால் சபாவுக்கே கொடுங்கள், அது உங்களை நம்பி இருக்கிறது. இரண்டுக்கும் முடியுமென்றால், மருமகளை ஜாஸுக்குச் சந்தாதாரராக்கி நீங்கள் கூடப் போங்கள். நீங்கள் கூப்பிட்டால் அவர் ஃபைன் ஆர்ட்ஸுக்கும் வருவார் என்றுதான் நினைக்கிறேன். மாமியாரை ஜாஸுக்கு அழைத்துப் போகிற பெண்ணுக்கு இசையில் ஆசை இல்லாமல் இருக்காது. இளைய ரசிகர் இல்லை என்று நம் சபாக்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபமே வருகிறது. வீட்டில் இருப்பவரை எத்தனை பேர் அழைக்கிறோம்?

பணம் கொடுப்பதற்கு முன் அந்த டிரஸ்டிடம் கணக்கைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வந்ததில் கலைஞர்களுக்கு எவ்வளவு போனது, உள்ளூர்க் கலைஞருக்கும் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் தருவதில் எவ்வளவு வித்தியாசம், மாணவர்களுக்குக் குறைந்த விலையில் இடம் உண்டா. மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் நன்கொடையும் தாராளமாகக் கொடுக்கலாம். சந்தா நீங்கள் கச்சேரி கேட்பதற்கான பணம், அதற்கு வரிக் கழிவு கிடையாது. நன்கொடைக்கு உண்டு, டிரஸ்ட் அதற்கான பதிவு வைத்திருந்தால், நீங்கள் பழைய வரிமுறையில் கணக்குக் கொடுப்பவரானால். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு போய்விடும், செக்காகக் கொடுங்கள். மருமகள் புதிய வரிமுறைக்குப் போயிருந்தால் சந்தா அவர் பெயரிலும் நன்கொடை உங்கள் பெயரிலும் இருக்கட்டும்.